ராசவள்ளி: தலை மண்ணுக்கு, மற்றது சட்டிக்கு

மரவள்ளித் தடியை ஊன்றிவிட்டு மறந்துபோகலாம் என்று சென்ற அத்தியாயத்தில் எழுதினோம். ராசவள்ளியிடம் அந்தச் சலுகை கிடையாது. ஒன்பது, பத்து மாதம் நிலத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். கொடி ஏற ஒரு மரமோ கம்போ வேண்டும். கிழங்கு இறங்க ஆழமான, இளகிய மண் வேண்டும். இவற்றைக் கொடுத்தவருக்கு நடுவில் அதிகம் தொல்லை தராது. கொடுக்காதவருக்கு மாசியில் விரல் பருமனில் ஏதோ கிடைக்கும்.

இன்னொரு செலவும் உண்டு. இந்தப் பயிரின் சிக்கலே அதில்தான் இருக்கிறது. மரவள்ளிக்குத் தடி நடுகிறோம், வத்தாளைக்கு (சர்க்கரைவள்ளிக்கு) கொடி நடுகிறோம். இரண்டும் நாம் கிழங்காகத் தின்னாத பகுதிகள். ராசவள்ளிக்கோ தின்கிற கிழங்கையே வெட்டி நட வேண்டும். தை மாதம் முழுக் கிழங்கையும் கஞ்சி காய்ச்சிக் குடித்த வீட்டில் சித்திரையில் நடுவதற்கு ஒன்றும் இராது. யாழ்ப்பாணத்து வளவுகளில் வேலியோரம் நின்ற ராசவள்ளி அருகிப்போனதற்கு இடம் இல்லை, ஆள் இல்லை என்று காரணங்கள் சொல்வார்கள். அவையும் உண்மைதான். ஆனால் போர்க்கால இடப்பெயர்வில் ஒரு வருடம் நடாமல் விட்ட குடும்பத்துக்குத் திரும்பி வந்தபோது நடுகைக் கிழங்கே இல்லாமல் போனது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நெல் விதையைப் போல இதைப் பையில் கட்டி வருடக் கணக்கில் வைக்கவும் முடியாது. ஆகவே இந்த அத்தியாயத்தில் சமையலை விட நடுகைத்துண்டைப் பற்றி அதிகம் பேசப்போகிறோம்.

எது ராசவள்ளி

தாவரவியலில் இது தயஸ்கோரியா அலாட்டா. லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர். தமிழ்நாட்டில் பெருவள்ளிக்கிழங்கு, கேரளத்தில் காச்சில், சிங்களத்தில் ராஜ அல, குஜராத்தில் ரதாலு, பிலிப்பைன்சில் உபே. இது தென்கிழக்காசியப் பக்கத்துப் பயிர். அங்கிருந்து கடலோடிகளின் கையில் பசிபிக் தீவுகளுக்கும் மடகாஸ்கருக்கும் போனது, பின்னர் ஆப்பிரிக்காவுக்கும் கரிபியனுக்கும் போனது. உலகத்தில் மொத்தமாக விளையும் வள்ளிக்கிழங்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நைஜீரியாவில் விளைகிறது. ஆனால் அங்கே முதலிடம் வேறோர் இனமான வெள்ளை வள்ளிக்குத்தான்.

கடையில் ஏமாறாமல் இருக்க இவ்வளவு தெரிந்தால் போதும். ஊதா நிறத்தில் மூன்று கிழங்குகள் விற்கிறார்கள். இரண்டு முனையும் கூம்பி, தோல் மெல்லிதாக இருந்தால் அது ஊதா வத்தாளை. தோலில் வளையம் வளையமாகத் தழும்பும், உள்ளே வெள்ளைச் சதையில் ஊதாப் புள்ளிகளும் இருந்தால் சேம்பு. ராசவள்ளியின் தோல் கபிலம், சொரசொரப்பு, ஆங்காங்கே வேர் மயிர். வெட்டினால் வழுவழுப்பான நீர் கையில் ஒட்டும். உருவத்துக்கு ஓர் ஒழுங்கும் கிடையாது. நீளமாக, உருண்டையாக, விரல் விரித்த கையாக, எப்படியும் இருக்கும்.

எல்லா ராசவள்ளியும் ஊதா அல்ல. தோலுக்குக் கீழே ஒரு வளையம் மட்டும் ஊதாவாக இருப்பது உண்டு, இளஞ்சிவப்பு உண்டு, சுத்த வெள்ளையும் உண்டு. இனம் ஒன்றுதான். கஞ்சிக்கு ஊதாவைத் தேடுவது சரி. கறிக்கும் அவித்துச் சம்பலோடு தின்னவும் வெள்ளைக் கிழங்கே மேல் என்பது என் கட்சி. நிறத்துக்காக வெள்ளையை ஒதுக்குகிறவர்கள் நல்ல கிழங்கை இழக்கிறார்கள்.

வளவில் கொடியை அடையாளம் காண்பது இன்னும் எளிது. தண்டைத் தடவிப் பாருங்கள். உருண்டையாக இராது, நான்கு மூலை இருக்கும். ஒவ்வொரு மூலையிலும் மெல்லிய சிறகு ஒன்று நீளவாட்டில் ஓடும், சில வகைகளில் அந்தச் சிறகு சிவந்திருக்கும். இலைகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும். இன்னொரு வள்ளி இனமான சிறுவள்ளியின் தண்டு உருண்டை, அதில் முள் இருக்கும், இலை ஒன்றுவிட்டு ஒன்றாக வரும். கொடி சுற்றும் திசையும் இரண்டுக்கும் எதிரெதிர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இளங்கொடியைக் கம்பில் ஏற்றும்போது நாமே சுற்றிவிடக் கூடாது. அதன் போக்குக்கு மாறாகச் சுற்றினால் மறுநாள் கழன்று தொங்கும். கம்பில் சாய்த்து, வாழைநாரால் இளக்கமாக ஒரு கட்டுப் போட்டால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

காட்டில் கண்ட வள்ளிக் கொடியை இதுதான் என்று எண்ணித் தோண்டித் தின்ன வேண்டாம். காட்டு வள்ளிகள் சிலவற்றில் நஞ்சு உண்டு. அவற்றை அறுத்து, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவைத்துப் பதப்படுத்தத் தெரிந்தவர்களுக்குத்தான் அவை உணவு.

காலம்

சித்திரை, வைகாசியில் நட வேண்டும். ஆனியைத் தாண்ட வேண்டாம். இது வெறும் வழக்கம் அல்ல. ராசவள்ளி நாளின் நீளத்தைக் கவனிக்கிற பயிர். பகல் நீளமாக இருக்கும்போது கொடியும் இலையும் வளரும். பகல் குறுகத் தொடங்கியதும் வளர்ச்சி கிழங்குப் பக்கம் திரும்பும். யாழ்ப்பாணத்தில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். நாம் அதைக் கவனிப்பதில்லை, கொடி கவனிக்கிறது. ஆவணியில் நட்டால் கொடி ஆளாகும் முன்பே பகல் குறுகிவிடும். நாலு இலையோடு நிற்கிற கொடி எவ்வளவு கிழங்கைத்தான் நிரப்பும்?

சித்திரையில் நடுவதென்றால் கோடை முழுவதும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். கிணற்றடிக்குக் கிட்ட இடம் பார்ப்பது அதற்காகத்தான். ஐப்பசி மழை தொடங்கும்போது கொடி கம்பின் நுனியைத் தொட்டிருக்க வேண்டும். அந்த மழையில்தான் கிழங்கு பருக்கும்.

நடுகைத்துண்டு

கிழங்கில் தலை, இடை, வால் என்று மூன்று பகுதி. கொடியோடு ஒட்டியிருந்த பக்கம் தலை. அது கிழங்கின் மூத்த பகுதி. நார் கூடியது, சட்டியில் எளிதில் மசியாது. அதே தலைதான் மண்ணில் முதலில் முளைக்கும், ஒரே சீராக முளைக்கும், கொடியும் பலமாக வரும். இடைத்துண்டும் வால்துண்டும் முளைக்கும்தான், ஆனால் வாரக்கணக்கில் பிந்தும். சில துண்டுகள் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போகும். வால் இளசு, சமையலுக்கு அருமை. தின்ன மிக மோசமான பகுதியே நட மிகச் சிறந்த பகுதி என்று கிழங்கே பங்கு பிரித்துத் தந்திருக்கிறது. இதில் நாம் யோசிக்க வேண்டியது ஒன்றுமில்லை.

துண்டின் எடை 250 முதல் 300 கிராம். அதற்குக் குறைந்தால் முதல் வாரங்களில் கொடிக்குச் சாப்பாடு போதாது, ஏனென்றால் வேர் பிடித்து இலை விரியும்வரை அந்தத் துண்டைத் தின்றுதான் அது வளர்கிறது. ஒவ்வொரு துண்டிலும் தோல் இருக்க வேண்டும். முளை தோலுக்கு அடியிலிருந்துதான் புறப்படும், தோல் இல்லாத சதைத்துண்டு எருவாகத்தான் போகும். சுத்தமான கத்தியால் வெட்டி, வெட்டுவாயில் அடுப்புச் சாம்பலைத் தடவி, ஓரிரு நாள் நிழலில் காயவிட்டு நடுங்கள். ஈர வெட்டோடு மண்ணில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

ஒரே ஒரு கிழங்குதான் கையில் இருக்கிறது, அதை நிறையப் பெருக்க வேண்டும் என்றால் குறுந்துண்டு முறை இருக்கிறது. நைஜீரியாவில் வெள்ளை வள்ளிக்காக உருவாக்கிய முறை. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையமும் இதைப் பரிந்துரைக்கிறது. கிழங்கைத் தோலோடு 30 கிராம் துண்டுகளாக வெட்டி, நாற்றுமேடையில் நெருக்கமாக வைத்து, முளைத்தவற்றை மட்டும் எடுத்து வயலில் நட வேண்டும். ஒரு கிலோவில் முப்பது துண்டுக்கு மேல் கிடைக்கும். முதல் வருடக் கிழங்குகள் சிறியவையாக இருக்கும். அவற்றைத் தின்னாமல் அடுத்த வருடத்துக்கு நடுகைக் கிழங்காக வைக்கிற பொறுமை உள்ளவர்களுக்கான முறை இது.

அதே நிலையம் ஸ்ரீ கீர்த்தி, ஸ்ரீ ரூபா, ஸ்ரீ ஷில்பா என்று பெருவள்ளி வகைகளை வெளியிட்டிருக்கிறது. ஸ்ரீ ஷில்பா மகரந்தம் சேர்த்து உண்டாக்கிய கலப்பினம். இந்தப் பயிரில் அது சுலபமான வேலை அல்ல. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பல வகைகள் பூப்பதே அரிது. தமிழ்நாட்டு வாசகர்கள் நடுகைக் கிழங்குக்கு அந்த நிலையத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

கொடியின் இலைக்கக்கத்திலும் சில வகைகளில் சிறு கிழங்குகள் தொங்கும். அவற்றையும் நடலாம். முதல் வருடம் சிறிதாகவே விளையும்.

குழியும் கொடியும்

குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடி. குழிக்குக் குழி மூன்றடி. வெட்டிய மேல்மண்ணை ஒரு பக்கமும் கீழ்மண்ணை இன்னொரு பக்கமும் போடுங்கள். மேல்மண்ணோடு ஒரு கிலோவுக்குக் குறையாமல் மக்கிய சாணி எருவும் ஒரு சிரட்டைச் சாம்பலும் கலந்து குழியில் முக்கால்வாசி நிரப்பி, துண்டை வைத்து, மண்ணால் மூடிச் சிறு மேடாக அணைத்துவிடுங்கள். மேலே காய்ந்த இலையோ தென்னோலையோ பரப்புங்கள். சித்திரை வெயிலில் இந்த மூடாக்கு இல்லாத குழியில் துண்டு வெந்துபோகும்.

ஆழத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இளகிய மண் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் கிழங்கும் போகும். பப்புவா நியூகினியின் அபெலம் மக்கள் இதே இனத்தில் நீண்ட கிழங்குகளை வளர்ப்பதையே ஒரு கலையாக வைத்திருக்கிறார்கள். மூன்று மீட்டரையும் தாண்டிய கிழங்குகள் அங்கே விளைந்திருக்கின்றன. அறுவடைக்குப் பின் அவற்றுக்கு முகமூடி சூட்டி, அலங்கரித்து, ஊருக்குக் காட்டுவார்கள். நமக்கு முகமூடி தேவையில்லை, ஆனால் மண்ணை முன்கூட்டியே ஆழமாக இளக்குகிற அவர்களுடைய பாடம் தேவை.

வலிகாமத்துச் செம்மண் இதற்கு வாய்த்த மண். ஆனால் சில வளவுகளில் ஒரு அடிக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை அலவாங்கைத் திருப்பி அடிக்கும். அங்கே குழி தோண்டிப் பாறையோடு மல்லுக்கட்டாமல், மண்ணைக் கூட்டி இரண்டடி உயரக் கும்பியாக்கி அதில் நடுங்கள். மாரியில் வெள்ளம் நிற்கிற தாழ்ந்த இடத்துக்கும் கும்பிதான் சரி. இரண்டு நாள் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகத் தொடங்கும்.

கம்பு இல்லாமல் தரையில் படரவிட்டாலும் கொடி வளரும். ஆனால் இலைமேல் இலை விழுந்து வெயில் படாது, மண்ணிலிருந்து நோய் தெறிக்கும், கிழங்கு சிறுக்கும். முளைத்த இரண்டு வாரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். எட்டு, பத்து அடி உயரம் போதும். வேலிக் கிளுவையும் பூவரசும் நல்ல கொழுகொம்புகள். முருங்கையில் நிழல் குறைவு, அதனால் இன்னும் நல்லது. மாமரத்தில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கொடி மேலே போய்விடும், கீழே கிழங்கும் கிடைக்கும். ஆனால் அடர்ந்த நிழலில் விளைச்சல் பாதியாகும்.

முளைத்த பிறகு ஒருமுறையும், அதிலிருந்து ஒரு மாதம் கழித்து மறுமுறையும் களை பிடுங்கி, எரு போட்டு, மண் அணைத்தால் கை வேலை பெரும்பாலும் முடிந்தது.

கருகல்

ராசவள்ளிக்கு ஒரே ஒரு பெரிய எதிரி. கொலெட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சையால் வரும் கருகல் நோய். மாரி மழையில் இலையில் சிறு கரும்புள்ளி தோன்றும், நரம்பு கறுக்கும், தளிர் நுனி காயும். வானம் மூடிக் கிடக்கிற நாட்களில் ஒரு வாரத்துக்குள் பந்தலே எரிந்த தோற்றம் தரும். வள்ளி இனங்களில் இந்த நோய் மிக மோசமாகத் தாக்குவது ராசவள்ளியைத்தான். பார்படோசில் பரவலாக நின்ற வெள்ளை லிஸ்பன் வகையும் இதனால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது.

வந்தபின் ஓடுவதை விட வராமல் பார்ப்பது மலிவு. கருகிய கொடியின் கிழங்கிலிருந்து நடுகைத்துண்டு எடுக்காதீர்கள். மூன்றடி இடைவெளியைக் குறைக்காதீர்கள். சென்ற வருடக் காய்ந்த கொடியைக் குப்பையோடு சேர்த்து அங்கேயே விடாமல் எரித்துவிடுங்கள். சித்திரையில் நட்டவருக்கு இன்னொரு இலாபம் இங்கே தெரியும்: மழைக்கு முன்பே இலை முற்றிவிடுவதால் சேதம் குறையும். மருந்து அடித்தே தீர வேண்டும் என்றால் பாதித்த இலையோடு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள். கடைக்காரர் தருவதை அடிக்காதீர்கள்.

கிண்டுதல்

மார்கழியில் இலை மஞ்சளாகும். தையில் கொடி காயும். கொடி முற்றாகக் காயும்வரை பொறுத்தால் கிழங்கில் மாப்பிடிப்பு நன்றாக இருக்கும்.

தண்டுக்கு நேரே மண்வெட்டியைப் போட்டால் கிழங்கின் தலையில்தான் விழும். ஒன்றரை அடி தள்ளி வட்டமாகக் கிண்டத் தொடங்கி, பக்கவாட்டில் மண்ணை எடுத்துக்கொண்டு உள்ளே வாருங்கள். கிழங்கின் தோள் தெரிந்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் மண்ணை அரியுங்கள். எந்தப் பக்கம் விரல் விட்டிருக்கிறது என்று பார்த்து, அடியில் அலவாங்கைக் கொடுத்து மெல்ல நெம்பினால் முழுசாக வரும். முறிந்தால் பரவாயில்லை, முறிந்ததை முதலில் சமையுங்கள். காயம் பட்ட கிழங்கு அதிக நாள் தாங்காது.

மூன்றடி இடைவெளியில் நட்டால் ஒரு குழிக்கு இரண்டு, மூன்று கிலோ நல்ல விளைச்சல். தனிக்கொடியாக மரத்தில் ஏறி, ஆழக்குழியில் நின்றது அதைவிடப் பல மடங்கு தரக்கூடும்.

கிண்டிய கிழங்கு இரண்டு, மூன்று மாதம் உறங்கும். அந்தக் காலத்தில் முளைக்காது. காற்றோட்டமான நிழலில், நிலத்தில் படாமல் பரணிலோ பலகையிலோ பரப்பி வையுங்கள். குவித்தால் நடுவில் உள்ளது அழுகும். தோலில் வெள்ளைச் செதிளாகப் பூச்சி ஒட்டியிருந்தால் தேய்த்துக் கழற்றுங்கள், அந்தக் கிழங்கை நடுகைக்கு வைக்காதீர்கள். முழுக் கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். 12 பாகை செல்சியசுக்குக் கீழே இதன் சதை கெட்டுக் கறுத்துவிடும். டொரன்டோவிலும் லண்டனிலும் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே தமிழ்க் கடைகளில் உறையவைத்துத் துண்டாகக் கிடைப்பது வேறு விஷயம், அதை அப்படியே சட்டியில் போடலாம்.

அடுப்படி

பச்சைக் கிழங்கைத் தொட்டால் சிலருக்குக் கை கடிக்கும். அதன் சாற்றில் உள்ள ஊசி போன்ற ஒக்சலேட் படிகங்கள்தான் காரணம். உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு தோல் சீவுங்கள். தோலைத் தடிப்பாகவே சீவ வேண்டும். சீவிய துண்டைத் தண்ணீரில் போட்டு வைத்தால் கறுக்காது. பச்சையாகத் தின்னக் கூடாது, அவிந்ததும் கடி போய்விடும்.

இனிப்புக் கஞ்சிக்கு அரைக் கிலோ ஊதாக் கிழங்கு, ஒரு தேங்காய், 100 முதல் 150 கிராம் சீனி, அரைத் தேக்கரண்டிக்குக் குறைவாக உப்பு. கிழங்கைச் சிறு துண்டாக அரிந்து, மூழ்குமளவு தண்ணீர் மட்டும் விட்டு உப்போடு அவியுங்கள். அதிகத் தண்ணீர் விட்டு வடிக்கிற வேலை வேண்டாம். இதன் ஊதாச் சாயம் நீரில் கரையும், வடித்தால் நிறம் வாளிக்குப் போகும். அகப்பையால் அழுத்தினால் உடைகிற பதத்தில் மசியுங்கள். முழுவதும் களியாக வேண்டியதில்லை. கடைவாயில் படுவதற்குச் சில கட்டிகள் இருக்க வேண்டும், அதில்தான் ருசி. இனி இரண்டாம் பாலை விட்டுக் கொதிக்கவைத்து, பிறகே சீனி. கிழங்கு அவியும் முன் சீனி போட்டால் அவியப் பிந்தும். கடைசியாகத் தடித்த முதற்பாலை விட்டு, விளிம்பில் குமிழி வந்ததும் இறக்குங்கள். ஆறினால் இறுகும், ஆகவே அடுப்பில் வேண்டிய பதத்தை விடச் சற்று இளக்கமாக இருக்கும்போதே நிறுத்த வேண்டும். ஏலக்காய் போடுகிறவர்கள் போடலாம். எனக்கு அது கிழங்கின் மணத்தை மறைப்பதாகத் தோன்றும்.

நிறம் மாறினால் பயப்பட வேண்டாம். புளிப்புப் பட்டால் சிவக்கும். அப்பச்சோடா பட்டால் நீலமும் பச்சையுமாகப் போகும். இரும்புச் சட்டியில் மங்கும். மண்சட்டியோ எவர்சில்வரோ நல்லது. கண்ணைப் பறிக்கிற கத்தரிப்பூ நிறத்தில் விற்கிற இனிப்புகளில் பலவற்றுக்கு நிறம் கிழங்கிலிருந்து மட்டும் வந்ததல்ல.

கஞ்சியோடு நின்றுவிட வேண்டியதில்லை. வெள்ளைக் கிழங்கைப் பச்சைமிளகாய், வெங்காயம், கறிவேப்பிலையோடு பால்கறி வைக்கலாம். உப்பிட்டு அவித்துக் கட்டைச்சம்பலோடு காலைச் சாப்பாடாக்கலாம். கேரளத்தில் திருவாதிரைப் புழுக்கில் காச்சில் உண்டு. சூரத்தில் மெல்லிய வட்டமாக அரிந்து மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள், உந்தியுவிலும் போடுகிறார்கள். பிலிப்பைன்சில் பாலும் சீனியும் விட்டுக் கிண்டி ஹலாயா செய்கிறார்கள். நம் கஞ்சிக்கு அது நெருங்கிய உறவு.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு சொல். 100 கிராம் பச்சைக் கிழங்கில் ஏறக்குறைய 28 கிராம் மாச்சத்து, 4 கிராம் நார், புரதம் ஒன்றரை கிராம்தான். ஊதா நிறம் மருந்து என்று சொல்லிச் சீனியும் தேங்காய்ப்பாலும் விட்ட கஞ்சியை இரண்டு கோப்பை குடிப்பது கணக்குக்கு உதவாது. சோற்றுக்குப் பதிலாக அவித்த கிழங்கு என்றால் சரி, சோற்றுக்கு மேலே என்றால் பிழை.

இந்தத் தையில் சந்தைக்குப் போனால் வெட்டி வைத்த இடைத்துண்டை எடுக்காமல், தலைப்பக்கம் உள்ள கிழங்காகக் கேட்டு வாங்குங்கள். 300 கிராம் அளவில் தலையை வெட்டிச் சாம்பல் தடவி நிழலில் வையுங்கள், மிச்சத்தைச் சமையுங்கள். சித்திரையில் அதை நடுங்கள். அடுத்த தையில் கிண்டும்போது ஒரு தலையை அயலவருக்கும் கொடுங்கள். உங்கள் கொடி ஒரு மாரியில் கருகிப்போனாலும் திரும்பக் கேட்டு வாங்க ஒரு வீடு இருக்கும்.